தூய இரத்தம் என்னும் பழங்கதை

பிலிமத்தலாவைச் சந்தியிலிருந்து தவுலகல வீதியிற் சற்றுத் தூரம் சென்றால், கற்பாறைமேல் எழுந்து நிற்கும் கடலாதெனிய விகாரையைக் காணலாம். 1344ஆம் ஆண்டில் அமைந்த இப்பௌத்த ஆலயத்தைக் கட்டிய சிற்பாசாரியின் பெயர் கணேசுவராச்சாரி. அதன் தூண்களும் விமானமும் தென்னிந்தியக் கைவண்ணத்தை இன்றும் காட்டி நிற்கின்றன. அயலிலுள்ள இலங்காதிலக விகாரையின் பாறையிலோ சிங்களத்திலும் தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. இரு மொழியும் ஒரே பாறையில் இடம்பெற்ற இம்மண்ணிலேதான், “இந்நாட்டுக்கு முதலில் வந்தவர் யார்?” என்ற வினா நஞ்சாகப் பரவியது. இவ்வினாவை மனத்திற்கொண்டு, முற்போக்கு வாசகர் பல தலைமுறையாக விரும்பிக் கற்றுவரும் நூலொன்றை மீண்டும் எடுத்து நோக்க விரும்புகிறோம். ராகுல சாங்கிருத்தியாயன் எழுதி, கண. முத்தையா தமிழாக்கிய ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ என்பதே அந்நூல்.

ராகுலர் நமக்கு அந்நியரல்லர். களனி வித்தியாலங்காரப் பிரிவேனாவிற் கற்பித்தவர். 1930இல் இலங்கையிலேயே துறவு பூண்டு ராகுல என்ற பெயரை ஏற்றவர். பின்னர் துறவு நீத்துப் பொதுவுடைமையாளராகி, அன்னியராட்சியின் கைதியாக ஹஜாரிபாக் சிறையிலிருந்தபோது இந்நூலை எழுதினார். கி.மு. 6000இல் வால்கா நதிக்கரையில் தொடங்கி 1942இல் முடியும் இருபது கதைகள் இதில் உள்ளன. மன்னர் பெயர்ப் பட்டியலாகவே வரலாற்றைப் படித்துவந்த மாணவனுக்கு, வேட்டையும் மேய்ச்சலும் உழவும் மனித உறவுகளை எவ்வாறு மாற்றின என்று காட்டிய பெருமை இதற்குண்டு. குலத்தின் தலைமை தாயிடமிருந்து ஆணிடம் சென்றதையும், பொதுவாயிருந்த பொருள் தனியுடைமையானதையும் இரத்தமும் தசையுமாக நம் முன் நிறுத்திய நூல் இது.

எனினும், எத்துணை உயர்ந்த நூலாயினும் புதிய அறிவின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே விமரிசனத்தின் கடமை. புல்வெளி மேய்ப்பர் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் தெற்காசியாவிற் புகுந்தனர் என்பதைத் தொல்லெலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட முடிவுகள் உறுதிசெய்துள்ளன. ஆக, ராகுலர் காட்டிய பெருவழி பொய்யன்று. ஆனால் முற்பகுதிக் கதைகளில் அவர் பொன்னிறக் கூந்தலையும் வெண்ணிற மேனியையும் திரும்பத் திரும்ப வருணிக்கும்போது, மக்கட்கூட்டங்கள் தனித்தனிச் சாடிகளில் அடைத்த நீர்போல் வாசகன் கண்ணிற் படுகின்றன. வந்தவர் கண்ணாற் காணும் கதையில், முன்பே இருந்தவர் எதிரணியாகவே நிற்கின்றனர். குறை இங்கேதான் உள்ளது.

இன்றைய விஞ்ஞானம் கூறும் கதை வேறு. ஆபிரிக்காவிலிருந்து புறப்பட்ட நம் முன்னோர், வழியில் வேறு மனித இனங்களைச் சந்தித்துக் கலந்தனர். ஆபிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுவில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு நியண்டர்தால் மனிதருடையது என்பது 2010 முதல் தெளிவாகியுள்ளது. சைபீரியாவின் தெனிசோவாக் குகையிற் கிடைத்த சிறு எலும்புத் துண்டொன்று, தாய் நியண்டர்தாலாகவும் தந்தை தெனிசோவராகவும் பிறந்த ஒரு சிறுமியுடையது என 2018இல் அறிவிக்கப்பட்டது. அவள் வாழ்ந்து ஏறத்தாழ 90,000 ஆண்டுகளாகின்றன. அவளுக்கு எந்த இனத்தின் பெயரைச் சூட்டுவோம்? நிறத்தை வருணித்து நிறைவடையாத எழுத்தாளனுக்கு இதனினும் சிறந்த கதைப்பொருள் வேண்டுமா?

தெற்காசியாவிற் கண்ட உண்மை நம் சமூகத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்திற் பல்வேறு மக்கட்கூட்டங்கள் பரவலாகக் கலந்தன என்றும், அதன் பின்னரே அகமணக் கட்டு இறுகியது என்றும் 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, கலப்பு மூத்தது, சாதிவேலி இளையது. தன் குலத்தை அனாதியானதென்று பேசும் யாழ்ப்பாணத்து மேட்டுக்குடியும் இதனைக் கேட்டல் நன்று.

இனி நம் தீவுக்கு வருவோம். பாகியங்கலைக் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வாழ்ந்தனர். அடர்ந்த மழைக்காட்டிற் குரங்கையும் அணிலையும் வேட்டையாடினர். எலும்பினால் அம்புமுனை செய்தனர். அவர்கள் பேசிய மொழியை யாரறிவார்? சிங்களமும் தமிழும் அன்று பிறக்கவேயில்லை. விசயன் வருகையைப் பெருமையாகப் பேசுவோர் மகாவம்சத்தையாவது ஊன்றிப் படிக்கலாம். விசயன் குவேனியுடன் வாழ்ந்து மக்களைப் பெற்றதையும், பின் மதுரைப் பாண்டியன் மகளை மணந்ததையும் அந்நூலே கூறுகிறது. குவேனி கொல்லப்பட்டபின் அவள் மக்கள் தஞ்சம் புகுந்த இடமாக அது குறிப்பது மலைநாட்டையே. தூய்மைக்குச் சான்றாகக் காட்டப்படும் ஏடு கலப்பின் கதையாகவே இருப்பதைக் காண்கிறோம்.

தமிழர் பக்கமும் குற்றமற்றதன்று. லெமூரியா என்பது விலங்குகளின் பரவலை விளக்க 1864இல் ஒருவர் கூறிய ஊகம். கண்டங்கள் நகர்வதை அறிந்தபின் விஞ்ஞானம் அதனைக் கைவிட்டது. நம் மேடைகளோ அதனை ஆதித்தமிழர் தாயகமாக இன்னும் போற்றுகின்றன. சிங்களவர்க்கும் இலங்கைத் தமிழர்க்குமிடையே நெருங்கிய மரபணுத் தொடர்பு உண்டென 2023இல் வெளியான ஆய்வு கூறியபோதும், மேடையின் முழக்கம் தணிந்ததாகத் தெரியவில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இரத்தப் பெருமை போனவிடத்தில் மரபணுப் பெருமையை அமர்த்துவது பேயை விரட்டிப் பிசாசை அழைத்தலாகும். நாம் உறவினராதலால் உரிமை பெறவேண்டும் என்பதன்று நம் வாதம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. கோப்பிக் காலந்தொட்டு மன்னாரிலிருந்து கால்நடையாக வந்து, காட்டையழித்து இக்கண்டி மலைகளைச் செல்வமாக்கியவர்களின் பரம்பரைக்கு “நீங்கள் பிந்தி வந்தவர்கள்” என்பதே விடையாகக் கிடைத்தது. 1964இல் இரு அரசுகள் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. அம்மக்களின் கருத்தை எவரும் கேட்டிலர். முந்தி வந்தமை உரிமைப் பத்திரமாயின், அது குகைவாசியின் எலும்புக்கன்றோ சேரவேண்டும்? உழைப்பும் வாழ்வுமே ஒருவனை நாட்டுக்கு உரியவனாக்குகின்றன.

ராகுலரின் நூலை ஒதுக்குமாறு நாம் கூறவில்லை. ஆசிரியர்கள் அதனை வகுப்பிலே படிக்கட்டும். அது விட்ட இடங்களையும் மாணவர்க்குச் சுட்டட்டும். வால்காவிற் புறப்பட்ட கதையைப் போலவே, பாகியங்கலைக் குகையிலிருந்து தேயிலைத் தோட்ட லயம்வரை ஒரு கதை நம்மிடையே எழுதப்படாமற் கிடக்கிறது. அதனை எழுத வருபவன் நிறத்தை அளப்பவனாக இராமல், கணேசுவராச்சாரியின் உளியோசையைக் கேட்கத் தெரிந்தவனாக இருக்கவேண்டும்.