பேரிங் எண் எங்கே?

கிக் ஸ்கூட்டர் வாங்குமுன் அதன் பாகங்களைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லும் வழிகாட்டிக் குறிப்புகளுக்கு இப்போது பஞ்சமில்லை. டெக், ஸ்டெம், ஹேண்டில்பார், கிளாம்ப், வீல், பேரிங், ஃபெண்டர் பிரேக் என்று படம் போட்டு, அம்புக்குறி இட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுகிறார்கள். அடுத்து துணைப்பொருட்கள் வரும்: மணி, விளக்கு, பை, ஹெல்மெட், முழங்கால் பட்டை. பெயர் தெரிந்து வாங்குகிறவர் ஏமாற மாட்டார் என்று இதற்கு நியாயமும் சொல்லப்படுகிறது. சென்னைப் பொம்மைக் கடையில் நின்று படித்தால் சரியாகத்தான் படுகிறது. பொன்னேரி தாண்டி, பழவேற்காட்டுப் பாலத்தில் ஏறி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் இறங்கினால் அந்த நியாயம் நொண்டத் தொடங்குகிறது.

குறிப்புகளில் நல்லது இல்லாமல் இல்லை. ஸ்டெம்மை மடிக்கிற பூட்டு ஒற்றை லீவரை நம்பி நிற்கிறதா, கூடவே ஒரு பின்னும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது பிள்ளையின் விரலைக் காப்பாற்றும் யோசனை. டெக் தாழ்ந்திருந்தால் உதைக்கிற கால் சீக்கிரம் களைக்காது. ஹெல்மெட் கட்டாயம் வேண்டும், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானதையும் சிலர் மறக்காமல் சொல்கிறார்கள். ஆனால் வண்டி பிள்ளையைக் காயப்படுத்தக் கூடாது என்பதுதான் அந்த முத்திரையின் கவலை. வண்டி எத்தனை மாதம் உருளும் என்பதை அதனிடம் கேட்க முடியாது.

என் நெடுநாள் புகார் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தக் குறிப்புகள் பாகத்தை வாங்குகிற நாளில் மட்டுமே பார்க்கின்றன. அது தேயும், துருப்பிடிக்கும், இறுகிப்போகும், ஒரு நாள் கழற்றி மாற்ற வேண்டியிருக்கும் என்கிற நினைப்பே அவற்றில் இல்லை.

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் வந்து விழும்போது உப்பு இறங்கும்; கோடை முற்றினால் சில பகுதிகளில் கடலையே மிஞ்சும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கும் குப்பங்களுக்கு இரண்டு பக்கமும் உப்புக்காற்று. பிள்ளைகள் ஸ்கூட்டர் விடுவது சிமென்ட் தெருவில். அது சில வீடுகள் தாண்டியதும் மணலில் போய் முடியும். பிறந்தநாளுக்கு வந்ததோ, சென்னை உறவுக்காரர் வீட்டில் பழசாகி வந்ததோ, எந்த வண்டியானாலும் ஓடுகிற இடம் அதுதான்.

அப்படி ஓடிய ஒரு வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். டெக் அலுமினியம், புதிது போலவே இருக்கும். சக்கரத்தின் பாலியூரிதேனும் பெரிதாகத் தேய்ந்திருக்காது. அச்சைச் சுற்றி மட்டும் காப்பித்தூள் நிறத்தில் ஒரு வளையம். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் கரகரவென்று அரைச் சுற்று வந்து நிற்கும். அலுமினியத்தில் இறங்கிய இரும்பு போல்ட் உப்பு ஈரத்தில் கவ்விக்கொண்டு, ஆலன் கீ போட்டால் தலை மழுங்குமே தவிர அசையாது. மொத்த வண்டியும் நன்றாக இருக்க, பட்டாணி அளவுகூட இல்லாத குண்டுகள் அதைக் கொன்றிருக்கின்றன.

குறிப்புகள் பேரிங்கைப் பற்றிப் பேசாமல் இல்லை. ஏபெக் 5, ஏபெக் 7, ஏபெக் 9 என்று எண் சொல்லி, எண் கூடினால் வேகம் கூடும் என்கின்றன. ஏபெக் என்பது அமெரிக்க பேரிங் உற்பத்தியாளர் சங்கத்தின் குழு ஒன்று வகுத்த அளவுத் துல்லியம். வளையத்தின் அளவு எவ்வளவு நுட்பமாக இருக்கிறது, சுழலும்போது எவ்வளவு ஆடாமல் இருக்கிறது என்பதோடு அது முடிந்துவிடும். எந்த எஃகு, என்ன மூடி, எந்த கிரீஸ் என்பதெல்லாம் அதன் வரம்பில் வராது. 100 மில்லிமீட்டர் சக்கரம் மணிக்கு 12 கிலோமீட்டரில் போனால் நிமிடத்துக்குச் சுமார் 640 முறை சுற்றும். வீட்டு மேசை விசிறியே ஏறக்குறைய இரண்டு மடங்கு சுற்றுகிறது. இந்த வேகத்தில் ஏபெக் 5-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் பிள்ளையின் காலும் உணரப்போவதில்லை.

குப்பத்துப் பெற்றோருக்குத் தெரியவேண்டியது வேறு. சாதாரண பேரிங் எஃகில் குரோமியம் ஒன்றரை சதவீதம்தான். எஃகு துருவை எதிர்த்து நிற்க அது பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டும். பேரிங்கின் பக்கவாட்டில் இசட்.இசட். என்று இருந்தால் தகரமூடி. அது உள்வளையத்தைத் தொடாது, அந்த இடுக்கு வழியே உப்பும் நுண்மணலும் நுழையும். 2ஆர்.எஸ். என்று இருந்தால் ரப்பர்மூடி. அது உரசி நிற்கும், வண்டி கொஞ்சம் மந்தமாக உருளும், ஆனால் பல மாதம் கூடுதலாக உழைக்கும். கடைக்காரர் சக்கரத்தை விரலால் சுழற்றிக் காட்டும்போது அதிக நேரம் சுற்றுவது தகரமூடிதான். கடையில் ஜெயித்து ஏரிக்கரையில் தோற்கிற பாகம் அது. எத்தனையோ குறிப்புகளைப் பார்த்துவிட்டேன், இதைச் சொல்வதே அபூர்வம்.

துணைப்பொருள் பகுதிக்கு வந்தால் எழுதுகிறவர்களுக்கு உற்சாகம் பொங்குகிறது. சுற்றும்போது மின்னும் விளக்குச் சக்கரம் இல்லாத பட்டியல் உண்டா? அந்த விளக்குக்கு பேட்டரி கிடையாது; அச்சை ஒட்டிய காந்தக் குழல்தான் மின்சாரம் தருகிறது. கடற்கரை மணலில் கறுப்புக் கோடாகப் படிகிற கனிமத் துகள்களில் காந்தம் இழுக்கக்கூடியவை உண்டு. மணலில் இறங்கி ஏறிய சக்கரத்தில் அவை அந்தக் குழலைத் தேடிப்போய், பேரிங்கின் வாசலிலேயே மீசைபோல ஒட்டிக்கொள்கின்றன. பட்டியலில் அழகாக இருக்கும் துணைப்பொருள் இங்கே எதிரிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறது.

பொம்மைதானே, பிள்ளை வளர்ந்தால் தூக்கிப்போடுகிற சாமானுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்பவர்கள் உண்டு. வளர்ந்தால் தூக்கிப்போடுவது அடுக்குமாடி வழக்கம். குப்பத்தில் அக்காவின் வண்டி தம்பிக்கு வரும், தம்பிக்குப் பின் எதிர்வீட்டுக்குப் போகும். அதோடு, உலோகத்தை உப்பு என்ன செய்யும் என்பதில் இந்த மக்களுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. அவுட்போர்டு எஞ்சினில் ஒரு துத்தநாகத் துண்டு வைத்திருப்பார்கள். மற்ற பாகங்களுக்குப் பதில் அது அரிபட்டுத் தீரும், தீர்ந்ததும் மாற்றவேண்டும். கரைக்கு வந்த எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவவேண்டும் என்பதும் பாலபாடம். மீன்பெட்டி கட்டிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் எது முதலில் போகும் என்று வியாபாரியைக் கேட்டால் வரிசையாகச் சொல்வார். இத்தனை தெரிந்தவர்களிடம் ஸ்கூட்டர் குறிப்பு, ஹேண்டில்பார் என்பது பிடித்துக்கொள்ளும் பாகம் என்று விளக்குகிறது.

சைக்கிளையும் உப்பு விடுவதில்லை. அரசு தரும் இலவச சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஹப் போய்விட்டால், கோன், கப், பால்ஸ் என்று மூன்று சொல் போதும். எந்த ஊர் சைக்கிள் கடையிலும் கையிருப்பு இருக்கும். அதே கடையில் ஸ்கூட்டரை நீட்டினால், “இதுக்கு ஸ்பேர் வராது சார், புதுசாவே வாங்கிடுங்க” என்பார். அவர் சோம்பேறி இல்லை. அவருக்கு எந்த விவரமும் யாரும் தந்ததில்லை.

உதைத்து ஓட்டும் வண்டி என்றாலே இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. காங்கோ நாட்டின் கோமா நகரில் சுகுடு என்று ஒரு மர ஸ்கூட்டர் மூட்டை மூட்டையாகச் சரக்கு சுமக்கிறது. மரச் சக்கரம், அதைச் சுற்றிப் பழைய டயர் ரப்பர். உடைந்தால் உள்ளூரிலேயே செதுக்கிப் போட்டுவிடுவார்கள். நம் பையன்கள் ஒர்க்‌ஷாப்பில் கழித்துப்போட்ட பேரிங்கைப் பலகையில் மாட்டி, தெருவே அதிர உருட்டிய பேரிங் வண்டியும் இந்த இனம்தான். அதற்கு வழிகாட்டிக் குறிப்பு யாரும் எழுதவில்லை. பேரிங் என்றால் என்ன என்று தெரியாத பையனும் அதில் ஏறவில்லை.

இவ்வளவுக்கும் கிக் ஸ்கூட்டர் சக்கரங்களில் பெரும்பாலும் இருப்பது உலகம் முழுக்க ஒரே அளவில் கிடைக்கிற 608 என்ற பேரிங். உள்துளை 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். சில வருடம் முன்பு பிள்ளைகள் விரலில் சுழற்றித் திரிந்த ஸ்பின்னரின் நடுவில் இருந்ததும் அதுதான். பாரிமுனைப் பக்கத்து பேரிங் கடையில் “608, ரப்பர்மூடி, நாலு” என்று கேட்டால் போதும். சைக்கிள் கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுவார், அச்சை போல்ட் போட்டு முடுக்கியிருந்தால். மலிவு வண்டிகளில் அச்சை ரிவெட் அடித்து மூடிவிடுகிறார்கள். வாங்குமுன் பார்க்கவேண்டிய முதல் இடம் அது. படத்தில் அந்த இடத்துக்கு அம்புக்குறியே கிடையாது. 608 என்று அச்சடிக்க மூன்று எழுத்து இடம் போதும். ஹேண்டில்பாரில் தொங்கும் குஞ்சத்துக்கு முழுசாக ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள்.