ஆங்கில உச்சரிப்பு: இணைக்கும் மொழியா, வெட்டும் வாளா?

கண்டி என்னும் பெயரே ஆராய்ச்சிக்குரியது. மலைநாட்டைக் குறித்த ‘கந்த உடரட’ என்னும் சிங்களத் தொடரின் முதற்கூறு, போர்த்துக்கேயர் நாவில் ‘கந்தேயா’ எனத் திரிந்து, ஆங்கிலேயர் வழக்கில் இன்றைய வடிவம் பெற்றது என்பர். சிங்கள மக்களோ இந்நகரை மகாநுவர என வழங்குவர். திருகோணமலையும் ஆங்கிலேயர் நாவில் ‘திரிங்கோமலி’ ஆயிற்று. நம் ஊர்ப்பெயர்களைத் தம் நாவுக்கு இசையத் திரித்த அவர்களை எவரும் எள்ளி நகைத்திலர். ஆயின், நம் மாணவனொருவன் ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்பானாயின் வகுப்பு முழுவதும் நகைக்கின்றது. அன்று வாய் மூடியவன் பின்னர் ஆங்கிலம் பேசத் துணிவதில்லை. இந்நகைப்பின் அடிப்படை யாது என ஆராய்தல் நம் கடனாகும்.

பேராதனையில் ஆங்கிலம் பயிற்றிய மொழியியலறிஞர் திரு கந்தையா, 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் இவ்வினாவின் வேரைத் தொட்டார். பல்கலைக்கழக மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அஃதாவது வாள், எனக் குறிப்பிட்ட வழக்கே அக்கட்டுரையின் பொருள். தாய்மொழி வழியே கற்று வந்த இளைஞருக்கு ஆங்கிலம் அறிவின் வாயிலாக மட்டும் தோன்றவில்லை. தம்மை வெட்டி வீழ்த்தும் அதிகாரப் படைக்கலமாகவும் தோன்றிற்று. ‘நொட் பொட்’ ஆங்கிலம் என்னும் ஏளனப் பெயரும் அவ்வாளின் ஒரு வீச்சே; ஓர் உயிரொலியின் வேறுபாட்டைக் கொண்டே ஒருவனுடைய குலமும் பள்ளியும் அளக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தமோ ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இணைக்க வேண்டிய மொழி வெட்டும் வாளாதல் பெரும் முரண் அன்றோ?

கந்தையாவின் கட்டுரை நோயை நன்கு காட்டிற்று. அதிகாரத்தை ஆராய்தலே அதன் நோக்கம். வகுப்பறை மருந்தை அதனிடம் எதிர்பார்த்தல் முறையன்று. எனினும், வாளை வாளென அறிந்த மாத்திரத்தில் மாணவனின் நா திருந்திவிடாது. எஞ்சிய பணி ஆசிரியருடையது.

அப்பணிக்கு நாம் நாடும் நூல் பெரும்பாலும் உச்சரிப்பகராதியே. 1917இல் டானியேல் ஜோன்ஸ் வெளியிட்ட அகராதி இத்துறையில் தலைசிறந்தது. ஆயின், தென்னிங்கிலாந்தில் உயர்தர விடுதிப் பள்ளிகளிற் பயின்றோர் குடும்பங்களின் பேச்சே அதில் பதிவு பெற்றது. தாம் வழக்கைப் பதிவு செய்வோரேயன்றி விதி வகுப்போர் அல்லர் என்பதே ஜோன்ஸின் நிலை. அவர் பதிவாக வைத்ததை வேதமாக்கியது நம் குற்றம். இங்கிலாந்திலேயே சிறுபான்மையோர் பேசும் ஒலிவகையைக் கண்டி மாணவன் முழுவதும் எய்தாமையைக் குறையெனல் பொருந்தாது.

அங்ஙனமாயின் எவ்வாறு ஒலித்தாலும் அமையுமோ எனின், அமையாது. ஈண்டு இரண்டை வேறு பிரித்தல் வேண்டும். பிறமொழிச் சொல்லைத் தமிழிற் கொள்ளும்போது தமிழ்மரபே ஆளும். மெய்ம்மயக்கம் மொழிக்கு முதலாகாமையின் ‘இஸ்கூல்’ தமிழ்ப் பேச்சில் இயல்பே. இலத்தீனின் ‘ஸ்கோலா’வை ஸ்பானியரும் ‘எஸ்குவெலா’ என்றே முன்னுயிர் பெய்து வழங்குகின்றனர். ஆனால் ஆங்கிலம் பேசுங்கால் ஆங்கில மரபே ஆளும். அதனைக் கற்றல் வேண்டும்.

கற்பிக்கும் வழி நம் கையிலேயே உள்ளது. தொல்காப்பியப் பிறப்பியல், மூச்சு எழுந்து நெஞ்சு, மிடறு, தலை, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடத்தும் உருப்பெறும் முறையைக் கூறுகின்றது. மேற்பல்லும் கீழிதழும் இயைய வகரம் பிறக்கும் என்பது அதன் முடிபு. அந்நிலையிலேயே மிடற்றின் அதிர்வை நீக்கி மூச்சை மட்டும் விடின், ‘ஃபாதர்’ என்பதன் முதலொலி தோன்றும். தகரத்திற்கு நாநுனி மேற்பல்லின் அடியிற் படிந்து மூச்சைத் தடுக்கும். தடையைத் தளர்த்தி, நாவுக்கும் பல்லுக்கும் இடையே மூச்சைக் கசியவிடின், நன்றி கூறும் ஆங்கிலச் சொல்லின் முதலொலி தானே வரும். ஸகரத்தோடு மிடற்றதிர்வைக் கூட்டின் ‘ஸூ’ எனப்படும் விலங்குக் காட்சிச்சாலையின் முதலொலி பிறக்கும். மிடற்றில் விரல் வைத்து மாணவன் தானே இவ்வேறுபாட்டை உணரலாம். பன்முறை திருப்பிச் சொல்லுவித்து நகைப்பதினும் இது விரைந்து பயன் தரும்.

எழுத்தால் வரும் இடர் வேறு. கடனைக் குறிக்கும் ‘டெட்’ பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தபோது அதில் பகரவொலிக்குரிய எழுத்தில்லை. இலத்தீன் மூலத்தைக் காட்டக் கருதிய பண்டிதர் பின்னர் அதனைப் புகுத்தினர். தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ என்பதன் இடையே வாளா நிற்கும் எழுத்தும் அவ்வாறு பிழைபடப் புகுந்ததே. இவற்றை எழுத்துக் கூட்டி ஒலிக்கும் மாணவன் பிழைப்பது பண்டிதர் பிழையால் என்க. சொல்லின் வரலாற்றைக் கூறுக, அவன் மறவான்.

மூன்றாவது இடர் அசையழுத்தம். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதலசை அழுத்தம் பெறும். அதனடியாகப் பிறந்த, ஒளிப்படக்கலையைக் குறிக்கும் சொல்லில் இரண்டாமசை அழுத்தம் பெற, முதலசையின் உயிர் குன்றும். தமிழில் இத்தகைய அழுத்தம் பொருள் வேறுபடுத்துவதில்லை. ஆதலின் எல்லா அசையையும் நிறைவாக ஒலிக்கின்றோம். எனினும் உயிர் குன்றுதல் நமக்குப் புதிதன்று. ‘நாடு’ என்பதன் ஈற்றுகரம் அரை மாத்திரையாகக் குறுகுதலைக் குற்றியலுகரம் எனக் கற்றவன், அதனைக் காட்டினால் இதனையும் உணர்வான்.

முடிவாக, திருத்தத்திற்கு ஓர் அளவுகோல் வேண்டும். முள்ளூசியைக் குறிக்கும் ‘பின்’ குப்பைத் தொட்டியைக் குறிக்கும் சொல்லாக மயங்குமாயின், அங்குத் திருத்துக. அழுத்தம் பிறழ்ந்து சொல்லே விளங்காதாயின் அங்கும் திருத்துக. பொருள் தெளிவாயிருக்க, ஓர் உயிரொலி மட்டும் நம் மண்ணின் சாயல் பெற்றிருப்பின், அதனை விடுக. கேட்போர்க்கு விளங்கப் பேசுதலே உச்சரிப்பின் பயன். அப்பயனைக் குறிக்கொண்டு, நகைப்பை நீக்கி, நம் இலக்கண அறிவைத் துணைக்கொண்டு கற்பிப்போமாயின், வாளாய் நின்ற மொழி இணைப்பாய் மாறும். கடைசி வரிசையில் வாய் மூடியிருக்கும் மாணவனும் பேசத் தொடங்குவான்.