வடக்கிருத்தலும் தலைக்கூத்தலும்: இறுதி முடிவில் முதியோர் குரல்

முன்னுரை

சங்ககால வடக்கிருத்தலையும், தென்மாவட்டங்களில், குறிப்பாக விருதுநகர் வட்டாரத்தில், அறியப்பட்ட தலைக்கூத்தலையும் ஒரே மரபின் இரு நிலைகளாகக் கருத இடமுண்டு. இரண்டிலும் இறப்பு முன்னரே தீர்மானிக்கப்படுகிறது. ஆயினும் அத்தீர்மானத்தை உரைக்கும் குரல் யாருடையது என்று வினவினால் இவ்வொப்புமை நிலைபெறாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

புறநானூறு காட்டும் துணிவு

உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு முரண்பட்டு வடக்கிருந்தான். அவன் பாடியதாக அமைந்த புறநானூற்று 214ஆம் பாடல், ஐயுற்று நிற்போரை நோக்கி நல்வினையின் பயனை எடுத்துரைக்கிறது. சாகத் துணிந்தவனே தன் துணிவுக்குக் காரணம் கூறுகிறான். உடன் வடக்கிருக்க விரும்பிய பொத்தியாரை, மகன் பிறந்தபின் வருக என அவன் திருப்பி அனுப்பியதை 222ஆம் பாடல் உணர்த்துகிறது. தன் இறப்பைத் தானே தேரும் உரிமைக்கும் பிறர்க்கு ஆற்றவேண்டிய கடமை எல்லை வகுக்கிறது. ஆகவே வடக்கிருத்தலைக் கட்டற்ற தன்விருப்பமாகப் போற்றுவதும் பொருந்தாது.

திரைப்படங்களில் முதியவர்

தலைக்கூத்தலில் முதியவர் தம் இறப்பைப் பற்றிய உரையாடலில் இடம்பெறுவதில்லை. மதுமிதாவின் ‘கே.டி. (எ) கருப்புதுரை’ (2019) இதனைக் கதைத் தொடக்கமாகவே கொள்கிறது. நினைவு திரும்பிய முதியவர் தம்மைப் பற்றிய முடிவை ஒட்டுக்கேட்டே அறிகிறார். வீட்டைவிட்டு வெளியேறுவதே அவரால் இயன்ற மறுப்பு. பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ படத்தில் முதியவருக்கு நேர்ந்தது இடுப்பெலும்பு முறிவு; தீராத நோயன்று. எனவே ‘துன்பத்திலிருந்து விடுவித்தல்’ என்னும் நியாயம் அங்கே வலுவிழக்கிறது. எஞ்சுவது செலவும் பராமரிப்புச் சுமையும் மட்டுமே. தலைப்புச் சொல் முதியவரைக் குறிக்கத் தொடங்கி, குற்றத்தை மறைக்கும் குடும்பத்தின் மனச்சுமையைக் குறிப்பதாக விரிகிறது. எனினும் கொல்லும் மகனைக் குற்றவாளியாக்கும் திறனாய்வு, அவனது வறுமையையும் ஊராரின் இசைவையும் கணக்கிற்கொள்ளாவிடில் முழுமை பெறாது.

சட்டமும் சிற்றூரும்

அருணா சான்பாக் வழக்கில் (2011), அவர் சார்பில் பேசும் தகுதி மனுதாரரான எழுத்தாளருக்கன்றி, நெடுங்காலம் பேணிய மருத்துவமனைப் பணியாளர்க்கே உரியது என உச்ச நீதிமன்றம் கொண்டது. 2018 மார்ச் 9 அன்று வழங்கிய காமன் காஸ் தீர்ப்பு, உயிர்காப்புச் சிகிச்சையை மறுக்கும் முன்விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023இல், குற்றவியல் நடுவரின் மேலொப்பம் கைவிடப்பட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன் சான்றளித்தலே போதுமென நடைமுறை எளிதாக்கப்பட்டது. பேச இயலாதவரின் குரலை முன்கூட்டியே பதிந்துவைக்கும் முயற்சி இது.

ஆனால் இந்நடைமுறை மருத்துவமனையையும் அதன் மருத்துவக் குழுக்களையும் மையமாகக் கொண்டது. உறையூரை அடுத்த பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களையே எண்ணிப் பார்க்கலாம். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. எனினும் சிற்றூர் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் முதியவரின் இறுதி நாள்களை எந்தக் குழுவும் ஆராய்வதில்லை. அங்கே முடிவெடுப்பது குடும்பமே. தலைக்கூத்தல் நிகழ்வதும் இத்தகைய வீட்டுச் சூழலிலேயே.

முடிவுரை

வடக்கிருந்தோன் பேசினான், தலைக்கூத்தலுக்கு உள்ளாவோர் பேசப்படுகின்றனர். இவ்வேறுபாட்டை மறைத்து இரண்டையும் ‘மரபு’ என ஒருங்கு வைப்பது, கொலைக்குத் தொன்மையின் மதிப்பை வழங்குவதாகிவிடும். ‘கண்ணியமான இறப்பு’ என்னும் தொடரும் இவ்வளவுகோலுக்கு உட்பட்டதே. கண்ணியம் எது என்பதை இறப்பவர் உரைக்க வேண்டும். உரைத்ததைக் கேட்கும் கடமை வீட்டிற்கும் உண்டு.