மேற்கே போகாத ரயில்

பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' வந்தது 1978-ல். இன்றைக்கும் டி.வி.யில் போட்டால் ரிமோட் தானாகக் கீழே இறங்கிவிடும். ராதிகாவுக்கு முதல் படம், இளையராஜா பாட்டு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அந்தப் படத்தின் நிஜ ஹீரோ ரயிலின் கடைசிப் பெட்டியின் முதுகு!

பட்டணம் போன பரஞ்சோதி, பாஞ்சாலிக்குச் சேதி எழுதி அனுப்புவது அந்த முதுகில்தான். ஸ்டாம்ப் இல்லை, போஸ்ட்மேன் இல்லை. ரயில் ஊரைத் தாண்டுகிற சில நொடிக்குள் அவள் படித்துவிட வேண்டும். தண்டவாளத்தால் ஒரு கிராமத்துக்கு என்ன பிரயோஜனம் என்பதை இத்தனை சுருக்கமாகச் சொன்ன தமிழ்ப் படம் வேறு உண்டா, தெரிந்தால் சொல்லுங்கள். சர்க்கார் எதற்கோ போட்ட பாதையை ஒரு ஏழைக் காதல் தன் தபாலாபீஸாக ஆக்கிக்கொள்கிறது.

அதற்கு முந்தின வருஷம் '16 வயதினிலே'. அதில் சப்பாணிக்காக மயில் காத்திருப்பதும் ரயில்வே ஸ்டேஷனில்தான். ஆக, இரண்டு படத்திலும் ரயில் என்பது வெறும் வண்டி இல்லை. வருமா வராதா என்கிற தவிப்பு. பின்னால் வந்தவர்களில் பலர் பெஞ்சையும் மஞ்சள் போர்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு தவிப்பை விட்டுவிட்டார்கள். டூயட்டுக்குப் பின்னால் ஓடும் வால்பேப்பர் ஆகிப்போனது ரயில். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) அந்த வால்பேப்பரைக் கிழித்தது. கருப்பி சாவதும் தண்டவாளத்தில், கொலையைத் தற்கொலையாக மாற்றப் பார்ப்பதும் தண்டவாளத்தில்.

ரயில் நின்றுபோன பாதைக்கும் நம் கேமராக்களிடம் தனி மவுசு உண்டு. உதாரணம் தனுஷ்கோடி. எழும்பூரில் கிளம்பி, திண்டிவனம், விழுப்புரம் வழியாக தனுஷ்கோடி வரை போய் இலங்கைக் கப்பலுக்கு ஆள் சேர்த்த 'போட் மெயில்', 1964 டிசம்பர் புயலோடு அந்த ஊரை மறந்தது. அந்த ராத்திரி ஒரு பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோனது. மிச்சமிருக்கிற ஸ்டேஷன் சுவர் முன்னால் நின்று இன்றைக்கும் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். இடிபாட்டுக்கு ஒரு அழகு இருக்கிறதே!

ஓடுகிற ரயிலுக்குப் பாட்டு உண்டு, செத்த ரயிலுக்குக் கண்ணீர் உண்டு. பிறக்காமலே கிடக்கிற ரயிலுக்கு?

திண்டிவனத்திலிருந்து மேற்கே, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஒரு பாதை. சுமார் 70 கிலோமீட்டர். லாலு பிரசாத் ரயில்வே மந்திரியாக இருந்தபோது, 2006-07 பட்ஜெட்டில் வந்த திட்டம். கொஞ்சம் மண் கொட்டினார்கள், சில சிறு பாலங்கள் கட்டினார்கள். அப்புறம் வேலை படுத்துக்கொண்டது. நடுவில் சில பட்ஜெட்டுகளில் இதற்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு தெரியுமா? ஆயிரம் ரூபாய். கோடி இல்லை சார், வெறும் ஆயிரம்!

நான் பி.காம். படித்தவன். இந்தக் கணக்கின் சூட்சுமம் எனக்குக் கொஞ்சம் புரியும். பேரேட்டில் தலைப்பை அடித்துவிட்டால் 'திட்டம் ரத்தா?' என்று கேள்வி வரும். ஆயிரம் ரூபாய் எழுதி வைத்தால் திட்டம் உயிரோடு இருப்பதாக அர்த்தம். வகுத்துப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் 28 காசு. தண்டவாளம் வேண்டாம், ஒரு டீ குடிக்கலாம். பிறகு கோடிகளில் ஒதுக்கீடு என்றும் செய்தி வந்தது. ரயில் மட்டும் வரவில்லை.

இன்றைக்கும் திண்டிவனத்துக்காரர் ரயிலில் திருவண்ணாமலை போக வேண்டுமென்றால், தெற்கே விழுப்புரம் இறங்கி, வண்டி மாறி, மறுபடி வடமேற்கே ஏற வேண்டும். முக்கோணத்தின் இரண்டு பக்கத்தைச் சுற்றி மூன்றாவது பக்கத்துக்கு வருகிற கதை. செஞ்சிக்காரருக்கு அந்தச் சுற்று வழியும் இல்லை. பஸ்தான் கதி. அந்த செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பட்டம் கிடைத்தது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டு கொண்ட அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுக்கென்று இருப்பது இது ஒன்றுதான். உலகம் பார்க்க வேண்டிய இடம், சரி. எதில் வந்து பார்ப்பது?

இதில் ஒரு சினிமா இல்லையா? தேசிங்குராஜனின் குதிரைக்குக்கூட ஊர் ஊராகக் கதைப்பாட்டு பாடிய சீமை இது. ரயில் வரும் என்று நம்பி இந்த ஊர்களில் ஒரு தலைமுறை நரைக்கத் தொடங்கிவிட்டது. 2006-ல் பிறந்த குழந்தை ஓட்டுப் போட்டாயிற்று. இதையெல்லாம் ஏன் யாரும் படமாக எடுக்கவில்லை? காரணம் சுலபம். வராத ரயிலில் புகை இல்லை, விசில் இல்லை, இடிந்த சுவர்கூட இல்லை. கேமரா எதைப் பார்க்கும்?

'கிழக்கே போகும் ரயில்' மேல் எனக்கிருக்கும் ஒரே வருத்தமும் இங்கேதான் வருகிறது. கடைசியில் ரயில் காதலர்களைக் கரையேற்றிவிடுகிறது. கைதட்டுகிறோம். ஆனால் அவர்களை விரட்டிய ஊர் அப்படியேதான் இருக்கிறது. தப்பித்துப் போகிறவர்களுக்கு ரயில் காட்டிய சினிமா, அங்கேயே இருக்கிறவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. விடிகாலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய், ராத்திரி அதே ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கும் ரயில் வேண்டுமே!

பாஞ்சாலிக்காவது ஒரு கடைசிப் பெட்டி இருந்தது. செஞ்சிப் பக்கத்துப் பாஞ்சாலிகளுக்கு எழுதி அனுப்ப ஒரு பெட்டியாவது விடுங்கள், மந்திரிமார்களே. சேதியை அவர்களே எழுதிக்கொள்வார்கள்.