ஒரு சுரம் நிற்க, ஒரு சுரம் நகர

பெடல் ஸ்டீல் கிட்டாரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கையையே பார்க்கிறார்கள். தந்திமேல் வழுக்கும் எஃகுத் துண்டையும் அதிலிருந்து எழும் விம்மலையும் வியக்கிறார்கள். அந்த வழுக்கல் பெடலுக்கு வெகுகாலம் முந்தியது. ஹவாயில் ஜோசப் கெகுகு 1880களின் இறுதியில் தொடங்கிவைத்த வாசிப்பு, 1915 சான்பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பின் அமெரிக்கா முழுதும் பரவியது. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய நமக்கு அது அந்நியமாகவும் படாது. பெடல் என்ன புதிதாகத் தந்தது என்று அறிய, பட்டி எம்மன்ஸின் தொடக்ககால இசைத்தட்டுகளைக் கேட்க வேண்டும்.

1937இல் இண்டியானா மாநிலத்தின் மிஷவாக்காவில் பிறந்தவர் எம்மன்ஸ். 11 வயதில் மடியில் வைத்து வாசிக்கும் ஆறு தந்திக் கருவி கைக்கு வந்தது. பக்கத்து ஊரான சவுத் பெண்டில் ஹவாய் இசைப் பள்ளியில் பாடம். ஆனால் காதுக்கு வாய்த்த குருமார் வேறு: ஜெர்ரி பேர்ட், ஹெர்ப் ரெமிங்டன். பேர்ட் கடைசிவரை பெடலை ஏற்காதவர். நாதத்தின் சுத்தமே அவர் தவம். ரெமிங்டன், பாப் வில்ஸ் குழுவின் ஸ்விங் துள்ளலில் ஊறியவர். அந்தத் துள்ளலுக்கும் ஒரு மூதாதை உண்டு. 1935இல் பாப் டன் மின்பெருக்கிய ஸ்டீலை முதன்முதலாகக் கன்ட்ரி இசைத்தட்டில் ஒலிக்கவிட்டபோது, அவர் மனத்தில் இருந்தது கிட்டாரே அல்ல, ஜாக் டீகார்டனின் டிராம்போன்.

அடுத்த திருப்பம் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’. 1953இல் பதிவாகி, மறு ஆண்டு 17 வாரம் பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தில் நின்ற பாட்டு. பெடல் வைத்த கருவிகள் முன்பே இருந்தன. பெரும்பாலோர் சுருதி அமைப்பை மாற்றவே பெடலைப் பயன்படுத்தினார்கள். இந்தப் பாட்டில் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதித்தார். நம் கணக்கில் சொன்னால், ச-க-ப ஒலிக்கிறது. கால் அழுந்த, ‘ச’ அசையாமல் நிற்க, ‘க’ ‘ம’வாகவும் ‘ப’ ‘த’வாகவும் ஏறுகின்றன. தந்திகளின்மேல் நேராகக் கிடக்கும் எஃகுத் துண்டை நகர்த்தினால் எல்லாச் சுரமும் சேர்ந்தே நகரும். ஒன்றை நிறுத்தி மற்றதை இழைப்பதற்குக் கால் தேவைப்பட்டது.

எம்மன்ஸ் ஐசக்ஸினுடையதைப் போன்ற பெடல் வைத்த பிக்ஸ்பி கருவியை வாங்கினார். 1955இல், 18 வயதில், பாடகர் லிட்டில் ஜிம்மி டிக்கன்ஸ் தன் குழுவுக்கு அழைக்க, நாஷ்வில் வந்தார். அந்தக் குழு பதிவுசெய்த ‘ரெய்சின் த டிக்கன்ஸ்’, ‘பட்டீஸ் பூகி’ போன்ற பாட்டில்லா உருப்படிகளில் ரெமிங்டன் வழி வந்த ஸ்விங் வேகம்தான் முன்னே நிற்கிறது. எனக்கு அவற்றில் மிகப் பிடித்தது அந்த அவசரம். மூன்று நிமிடத்துக்குள் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிவிடத் துடிக்கும் ஒரு பையனின் விரல்கள்.

அவருடைய தனிப் பங்களிப்பு 1956 வாக்கில் வந்தது. ஐசக்ஸ் ஒரே மிதியில் ஏற்றிய இரண்டு சுரங்களை எம்மன்ஸ் இரண்டு பெடல்களுக்குப் பிரித்தார். இப்போது ‘க’ மட்டும் ஏறலாம், ‘ப’ மட்டும் ஏறலாம், ஒன்றன்பின் ஒன்றாகவும் ஏறலாம். பார்க்கச் சிறிய மாற்றம். என் கணிப்பில் இந்தக் கருவியின் வரலாற்றில் இதைவிடப் பெரியது இல்லை. நண்பர் ஜிம்மி டேயும் இதை ஏற்றார், பெடல்களின் வரிசையை மட்டும் மாற்றிவைத்து. இன்றும் வாசிப்போர் எம்மன்ஸ் முறை, டே முறை என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள்.

1962இல் பாடகர் ரே பிரைஸின் குழுவில் சேர்ந்த காலத்தில் மேலும் இரண்டு தந்திகள் சேர்த்தார்: ‘ச’வுக்கு இருபுறமும் நிற்கும் ‘ரி’யும் ‘நி’யும். பழகிய கார்டுகளோடு ஏறி இறங்கும் மெட்டும் கைக்கு எட்டியது. மறு ஆண்டு நியூயார்க்கில் ஜாஸ் கலைஞர்களோடு அமர்ந்து ‘ஸ்டீல் கிட்டார் ஜாஸ்’ பதிவுசெய்தார். சானி ரோலின்ஸின் ‘ஓலியோ’ இருக்கும் அதே தட்டில், டிக்கன்ஸ் குழுவில் வாசித்த அந்தப் பழைய ‘ரெய்சின் த டிக்கன்ஸ்’ மறுபடி வருகிறது.