எஸ்.எல்.ஆர். நின்றால் முதலில் தோட்டாவைப் பாருங்கள்

இஷாப்பூர் 1ஏ1 என்றால் பலருக்குத் தெரியாது, எஸ்.எல்.ஆர். என்றால் படையிலும் போலீஸிலும் இருந்த எல்லோருக்கும் தெரியும். தோட்டா போடாமலே நாலு கிலோவுக்கு மேல் கனம். தூக்கிக்கொண்டு ஓடும்போது திட்டுவோம். தோளில் ஏற்றி நிலை பிடித்த பிறகு அந்தக் கனம்தான் உதையைத் தாங்கும். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் தியுதோனே சைவ் வடிவமைத்த எஃப்.ஏ.எல். ரைபிள்தான் இதற்கு மூலம். 1962 சீனப் போரில் நம் ஜவான்கள் கையில் இருந்தது, ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய .303. அதன் பிறகு வந்த எஸ்.எல்.ஆரை 1990-களில் இன்சாஸ் ரைபிள் ஓரங்கட்டியது.

படையில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்று இப்போது கொச்சி வைட்டிலாவில் குடியிருக்கிறேன். பக்கத்துக் கல்லூரி என்.சி.சி. மாணவர்களுக்கு ஆயுதப் பாடம் எடுக்க அவ்வப்போது அழைப்பார்கள். பிரித்துக் காட்டுவதற்குச் சுட முடியாதபடி செய்த டி.பி. ரைபிள் ஒன்று இருக்கிறது. நிஜத் துப்பாக்கி ரேஞ்சில் மட்டும். அங்கே அது நின்றுபோகும்போதெல்லாம் கேட்கும் வார்த்தை ஒன்றுதான்: “சார், துப்பாக்கி பழசு, அதான்.” இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. என் கைக்கு வந்த ‘கெட்டுப்போன’ எஸ்.எல்.ஆர்.களில் பலவற்றுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) தோட்டா போட்டதும் ஒழுங்காக ஓடின.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. .303-ஐ இயக்குவது சுடுபவரின் கை. எஸ்.எல்.ஆரை இயக்குவது தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து. குண்டு குழாயின் பெரும்பகுதியைக் கடந்ததும், பின்னால் வரும் வாயுவில் கொஞ்சம் ஒரு சிறு துளை வழியாக மேலே ஏறி பிஸ்டனைத் தட்டுகிறது. பிஸ்டன் ப்ரீச் பிளாக்கைப் பின்னுக்குத் தள்ளுகிறது. காலித் தோட்டா வெளியே பறக்கிறது, பின்னால் உள்ள ஸ்பிரிங் அமுங்கி மீள்கிறது, மேகசினிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்குள் போகிறது. இத்தனை வேலைக்கும் வேண்டிய சக்தியை ஒரே ஒரு தோட்டா தர வேண்டும். துப்பாக்கியின் மற்ற பாகங்களெல்லாம் வருஷக்கணக்கில் அப்படியே இருக்க, ஒவ்வொரு சூட்டுக்கும் புதிதாக மாறும் பாகம் அது ஒன்றுதான்.

மருந்து வீரியம் குறைந்திருந்தால் பிளாக் முழு தூரம் பின்னுக்குப் போகாது. காலித் தோட்டா வாயிலில் சிக்கி நிற்கும், அல்லது அடுத்த தோட்டாவை எடுக்காமலே பிளாக் மூடிக்கொள்ளும். வீரியம் கூடினால் வேறு தொல்லை. சேம்பர் சுவரோடு பித்தளை இறுகியிருக்கும் நேரத்திலேயே எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைப் பிடித்து இழுக்கும். விளிம்பு கிழிந்து வரும், தோட்டா உள்ளேயே தங்கும். எஸ்.எல்.ஆரில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடத்தில் உதவும் கேஸ் ரெகுலேட்டர் வளையம். பிஸ்டனுக்குப் போகும் வாயுவைக் குறைக்கவோ கூட்டவோ அதைத் திருகினால் போதும். முதலில் திறந்துவிட்டு, துப்பாக்கி ஒழுங்காக இயங்கும்வரை ஒவ்வொரு கிளிக்காக மூடிக்கொண்டு வர வேண்டும். பலர் எடுத்த எடுப்பில் இறுக்கி மூடிவிடுகிறார்கள். அன்றைக்கு ஓடும், பாகங்கள் சீக்கிரம் தேயும்.

அமெரிக்காவின் எம்1 காரண்டில் அப்படியொரு வளையம் இல்லை. அதற்கென்று வகுத்த மருந்தை விட்டு மெதுவாக எரியும் மருந்து போட்டால் அதன் நீண்ட ஆபரேட்டிங் ராடே வளைந்துபோகும். எம்16-இன் கதை இன்னும் கொடுமை. வியட்நாமில் அது திரும்பத் திரும்ப நின்றுபோனது. 1967-ல் விசாரித்த அமெரிக்க காங்கிரஸ் துணைக்குழு, தோட்டாவின் மருந்தை மாற்றியதைப் பெரிய காரணமாகச் சொன்னது. அதற்குள் எத்தனையோ பேர் கையில் நின்றுபோன துப்பாக்கியோடு செத்திருந்தார்கள்.

ரேஞ்சில் பையன்களை நான் முதலில் பொறுக்கச் சொல்வது காலித் தோட்டாக்களைத்தான். அடிப்பாகத்தில் தயாரித்த இடமும் வருஷமும் குறியீடாக இருக்கும். நடுவில் பிரைமர். ஊசி குத்திய பள்ளம் ஆழமாக, நட்டநடுவில் இருந்தும் வெடிக்கவில்லையென்றால் குறை தோட்டாவுடையது. பள்ளம் லேசாக இருந்தால் ஊசியையோ ஸ்பிரிங்கையோ பார்க்க வேண்டும். பிரைமர் தட்டையாக நசுங்கியிருந்தால் அழுத்தம் கூடியிருக்கிறது. அடிக்குச் சற்று மேலே சுற்றிலும் பளிச்சென்று ஒரு கோடு தெரிந்தால் அந்த இடத்தில் பித்தளை மெலிந்து பிரியப் போகிறது என்று அர்த்தம். அப்போது துப்பாக்கியின் ஹெட்ஸ்பேஸையும் (மூடிய பிளாக்கின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளந்தாக வேண்டும். கழுத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தப் பெட்டி முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும்.

அந்த விரிசலுக்கு நம் நாட்டு மழைக்காலத்தோடு பழைய உறவு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் சுடாமலே விரிசல் விட்டன. காரணம் நெடுநாள் பிடிபடவில்லை. 1921-ல்தான் விளக்கம் கிடைத்தது: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து பித்தளையைத் தாக்குகிறது. தோட்டாவை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிடும் இறுக்கம் அந்த இடத்தில் பிளந்துகொள்கிறது. பக்குவமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதே தீர்வு. இடவப்பாதி மழையில் அலமாரிச் செருப்பே பூசணம் பூக்கும் கொச்சியில், தோட்டாப் பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை. ஈரம் மருந்தையும் கெடுக்கும், பிரைமரையும் கெடுக்கும். அம்மோனியா வரும் கழிவறைக்குப் பக்கத்தில் கோத் (ஆயுத அறை) இருந்தால் எனக்கு மனசு ஆறாது.

ஈரத்தில் கெட்ட தோட்டா என்ன செய்யும் என்பதைச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குவேன். ட்ரிக்கரை இழுத்தும் சத்தம் வரவில்லையென்றால் உடனே காக் பண்ணி வெளியே தள்ளக் கூடாது. சில தோட்டா தாமதித்து வெடிக்கும். குழாய் இலக்கை நோக்கியபடியே இருக்கட்டும், அரை நிமிடமாவது பொறுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து ‘டப்’ என்று கேட்டால் இன்னும் ஆபத்து: குண்டு குழாயின் நடுவிலேயே தங்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழாய் வெடிக்கும். ஃபௌரி இலாஜ் (உடனடி நிவர்த்தி) என்று மனப்பாடமாக காக் பண்ணி மறுபடி சுடும் பழக்கம் இந்த இடத்தில் ஆளைக் கொல்லும். துப்பாக்கியைக் காலி செய்து குழாய்க்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது.

2019 ஆகஸ்ட் 21 அன்று பீகாரின் சுபௌல் மாவட்டத்தில் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கு நடந்தது. குண்டு மரியாதைக்கு வானை நோக்கி உயர்ந்த போலீஸ் துப்பாக்கிகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஜவான்கள் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நாடே வீடியோவில் பார்த்தது. வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் ஊமையானால், ஆர்மரர் எவருக்கும் முதல் சந்தேகம் தோட்டாப் பெட்டி மேல்தான் விழும். அத்தனை துப்பாக்கியும் ஒரே நாளில் பழுதாகாது.

எஸ்.எல்.ஆர். என்னைப் பொறுத்தவரை இன்றும் நம்பத்தக்க துப்பாக்கி. ஊசிக்கு ஸ்பிரிங் வைத்திருப்பதால், பிளாக் வேகமாக மூடும்போது ஊசி தானாகப் பிரைமரில் குத்திவிடும் பயம் காரண்டைவிடக் குறைவு. பிரித்துப் பூட்டுவது எளிது. குழாய் துடைக்கும் புல்த்ரூ கயிறும் துண்டுத் துணியும் எண்ணெயும் இருந்தால் பராமரிப்பு முடிந்தது. குறை என்றால் நீளம்தான், ஜீப்பிலிருந்து இறங்கும்போது எங்காவது இடிக்கும். ஒரு எஸ்.எல்.ஆரைக் கழித்துக்கட்ட எழுதும் முன் கிடங்கு அதிகாரிகள் இரண்டு வேறு லாட் தோட்டாக்களைப் போட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டும். வெடிக்காத தோட்டாவை லாட் எண்ணோடு ஒரு உறையில் போட்டு, துப்பாக்கியோடு சேர்த்தே பட்டறைக்கு அனுப்ப வேண்டும். வெறும் துப்பாக்கியை மட்டும் அனுப்பினால் நாங்கள் எதைப் பார்த்து என்ன சொல்வது?