பெயர் இருந்தது, ஆள் இல்லை

முத்துப்பழனியைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைக்கலாம்னு உட்கார்ந்தேன். முதல் வாக்கியத்தையே மூணு தடவை அடித்துத் திருத்த வேண்டியதாகிவிட்டது. முதலில் எழுதியது இது: 'பிரிட்டிஷ் அரசால் தடை செய்யப்பட்ட சிருங்காரக் காவியம் ஒன்றை எழுதிய தஞ்சாவூர் தேவதாசிக் கவிஞர்.' இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க உறுத்தியது. தடை வந்தது 1911-ல். அந்த அம்மாள் வாழ்ந்தது 18-ஆம் நூற்றாண்டில், மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் (ஆட்சி 1739–1763) சபையில். செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு போலீஸ்காரர் செய்த ஒரு காரியத்தை வைத்துத்தான் ஒரு கவிஞரை அறிமுகப்படுத்தணுமா?

வரலாற்றில் விடுபட்ட பெண்களைக் கலைக்களஞ்சியங்களில் சேர்ப்பது பற்றி இப்போது நிறையப் பேச்சு. நல்ல விஷயம்தான். 2018-ல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கிய டானா ஸ்ட்ரிக்லண்டுக்குப் பரிசு அறிவித்த நாள் வரை ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை இல்லை. சில மாசம் முன்னால் யாரோ எழுதிக் கொடுத்த வரைவு, ஆதாரம் போதாது என்று திருப்பப்பட்டிருந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கைக் குறிப்புகளில் பெண்கள் பங்கு சுமார் 15 சதவீதத்திலிருந்து இப்போது 20-ஐ ஒட்டி வந்திருக்கிறது. இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் தன்னார்வலர்களின் பல வருஷ உழைப்பு இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

என் பிரச்சினை வேறே. எண்ணிக்கைக் கணக்கில் முத்துப்பழனி 'விடுபட்டவர்' கிடையாது. நூறு வருஷத்துக்கு முன்பே அவருக்குப் பதிவு இருந்தது. அந்தப் பதிவே அவரைப் புதைக்கவும் உதவியது.

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாயக்கர் காலத்திலும் அதற்குப் பின் மராட்டியர் காலத்திலும் தஞ்சாவூர் அரசவையில் தெலுங்கு பெரிய இலக்கிய மொழி. ரகுநாத நாயக்கர் சபையில் ராமபத்ராம்பா, விஜயராகவ நாயக்கர் சபையில் ரங்காஜம்மா என்று பெண் கவிஞர்களின் வரிசை ஒன்று முன்பே உண்டு. காவிரிக்கரையில் மராட்டி பேசும் ராஜா, அவர் சபையில் தெலுங்கில் எழுதும் பெண், அவர் பெயரிலோ பழனி! முத்துப்பழனி 'ராதிகா சாந்த்வனம்' என்ற காவியம் எழுதினார், ஐந்நூற்றுச் சொச்சம் பாடல்கள். ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்ததும் அவர்தான்.

காவியத்தின் கதை எளிமையானது. ராதை தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்குக் கல்யாணம் செய்து கொடுக்கிறாள். இருவருக்கும் புத்தி சொல்லி அனுப்புகிறாள். பிறகு பொறாமை தாங்காமல் வெந்து போகிறாள். கண்ணன் வந்து அவளைச் சமாதானப்படுத்துகிறான். சாந்த்வனம் என்றால் அதுதான், தேற்றுதல். தலைப்பிலேயே பாருங்கள், தேற்றப்பட வேண்டியவள் அவள், தேற்ற வேண்டியது அவன் வேலை. ஆசையும் கோபமும் பெண் பக்கமிருந்தே பேசப்படுகின்றன.

இந்த நூலின் முன்னுரைப் பாடல்களில் முத்துப்பழனி தன்னைப் பற்றி விரிவாகவே சொல்கிறார். பாட்டி தஞ்சநாயகியைப் பெருமையோடு குறிப்பிடுகிறார். தன் கல்வி, தனக்குக் கிடைத்த மரியாதை, மற்றவர்கள் தனக்கு நூல் சமர்ப்பித்தது எல்லாவற்றையும் கூச்சமே இல்லாமல் எழுதி வைத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால், ஒரு கலைக்களஞ்சியக்காரர் கேட்கக்கூடிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் அவரே பதில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பழைய கவிஞர்கள் பலருக்கு ஊர் பேர் கூடத் தெரியாமல் நாம் முட்டிக்கொள்கிறோம். இங்கே அந்தத் தொல்லையே இல்லை.

1887-ல் அந்த நூல் அச்சேறியது. பதிப்பித்தவர் பைடிபாட்டி வேங்கடநரசு. தெலுங்கு அகராதி தொகுத்த சி.பி. பிரவுனோடு வேலை செய்தவர். அவர் பதிப்பில் அந்த முன்னுரைப் பாடல்கள் இல்லை. சங்கடமாகத் தோன்றிய சில பாடல்களும் இல்லை. சங்கடமான பாடலை எடுத்ததற்கு அந்தக் காலத்து மனசை வைத்து ஏதோ ஒரு சமாதானம் சொல்லலாம். பாட்டி பெயரை எடுத்ததற்கு என்ன சொல்ல? அதில் என்ன ஆபாசம்? பெண் வழி வந்த ஒரு கல்விப் பரம்பரை இருந்தது என்ற தகவல் அதோடு அச்சிலிருந்து போயே போச்சு. அந்த அச்சுப் பிரதியை மட்டும் வைத்துக் குறிப்பு எழுதுகிறவருக்கு, பழி சொல்லவும் வழியில்லை, 'வாழ்க்கை விவரம் கிடைக்கவில்லை' என்றுதான் எழுதுவார். தகவல் இல்லை என்று ஒரு பெண்ணைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு இப்போது இந்த 1887-தான் ஞாபகம் வருகிறது. தகவல் இல்லாமல் போனதா, எடுக்கப்பட்டதா?

அடுத்து வருபவர் கந்துகூரி வீரேசலிங்கம். இவரை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை. விதவை மறுமணத்துக்காக ஊரைப் பகைத்துக்கொண்டவர். 1881-ல் ராஜமுந்திரியில் அப்படி ஒரு கல்யாணத்தை நடத்திக் காட்டியவர். பெண் கல்விக்காக உழைத்தவர். அவர் தொகுத்த 'ஆந்திர கவுல சரித்திரமு' தெலுங்குக் கவிஞர்களின் வரலாற்றுக்கு அடிப்படையான தொகுப்பு. அதில் முத்துப்பழனிக்கு இடம் கொடுத்தார். அவர் கவிதையின் இனிமையையும் படிப்பையும் ஒத்துக்கொள்ளவும் செய்தார். அந்தக் கையோடேயே ஒழுக்கம் கெட்டவள் என்று எழுதினார். பெண்கள் காதால் கேட்கவே தகாத விஷயங்களை ஒரு பெண்ணே வாயால் சொல்லியிருக்கிறாள் என்று கண்டித்தார்.

விதவைக்கு வாழ்வு கேட்டவர் தாசிக்கு மரியாதை தரவில்லை. அவர் காலத்துச் சீர்திருத்தத்துக்குள்ளேயே இருந்த ஒரு கோடு அது. குடும்பப் பெண்ணை உயர்த்தும் வேலை, குடும்பத்துக்கு வெளியே இருந்த பெண்ணைத் தள்ளி வைப்பதோடு சேர்ந்தே நடந்தது. அந்தக் கோடு ஒரு தகவல் நூலுக்குள் தகவல் மாதிரியே நுழைந்துகொண்டது. பத்திரிகையில் திட்டினால் அது ஒருத்தருடைய கருத்து. அகரவரிசையில், பிறப்பு, ஊர், நூல் என்று நடுநிலையாகத் தெரியும் ஒரு வடிவத்துக்குள் திட்டினால் அது விவரமாகிவிடுகிறது. அடுத்து எழுதுகிறவர் அதைச் சரிபார்க்கக்கூட மாட்டார், சுருக்கி எடுத்துக்கொள்வார்.

இதற்குப் பதில் சொன்னவர் பெங்களூர் நாகரத்னம்மா (1878–1952). சென்னையில் புகழ்பெற்ற பாடகி, தேவதாசி குலத்தில் பிறந்தவர். திருப்பதி வேங்கட கவுலு எழுதிய ஒன்றில் இந்தக் காவியத்தின் பெயரைப் பார்த்திருக்கிறார். தேடிப் பிடித்த அச்சுப் பிரதி திருப்தி தரவில்லை. பிறகு கைக்கு வந்த கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டபோதுதான் என்னென்ன வெட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. 1910-ல் முழு நூலையும் வாவிள்ள பதிப்பகம் மூலம் வெளியிட்டார். முன்னுரைப் பாடல்கள் திரும்ப வந்தன. பாட்டியும் வந்தார்.

அவர் எழுதிய பதிப்புரையின் வாதத்தை, ஒரு கலைக்களஞ்சியப் பதிவுக்கு எழுதப்பட்ட மதிப்புரையாகவே நான் படிக்கிறேன். வெட்கம் என்பது பெண்ணுக்கு மட்டும் உரியதா, ஆணுக்கு இல்லையா என்று கேட்கிறார். தாசி என்பதால்தான் கூச்சமில்லாமல் எழுதினாள் என்றால், மரியாதைப்பட்ட ஆண்கள் இதைவிடப் பச்சையாக எழுதியிருப்பதை எதில் சேர்ப்பது என்கிறார். அதோடு விடவில்லை. 'வைஜயந்தி விலாசம்' நூலை வீரேசலிங்கமே பார்த்து வெளியிட ஒப்புதல் தந்திருக்கிறாரே என்று எடுத்துப் போடுகிறார். அந்த நூல் சாரங்கு தம்மய்யா எழுதியது. விப்ரநாராயணர், அதாவது நம்ம தொண்டரடிப்பொடி ஆழ்வார், தேவதேவி என்ற தாசியிடம் மயங்கிய கதை. அதில் வரும் வர்ணனைகள் யாருக்கும் உறுத்தவில்லை. எழுதியவர் ஆண்.

இந்த வாதத்தில் எனக்குப் பிடித்தது, அவர் தனி மரியாதை எதுவும் கேட்கவில்லை என்பது. எல்லாருக்கும் ஒரே தராசு வை என்கிறார், அவ்வளவுதான்.

மறு வருஷமே பிரதிகள் பறிமுதல் ஆயின. வாவிள்ள வெளியிட்ட வேறு சில பழைய காவியங்களும் அதே வலையில் மாட்டின. பண்டிதர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தும் பலனில்லை. சுதந்திரம் வரும் சமயத்தில், டி. பிரகாசத்தின் முயற்சியால் 1947-ல்தான் தடை நீங்கியது.

அதற்குப் பிறகாவது சரியானதா? நூல் திரும்ப வந்தது, பெயர் அப்படியே நின்றது. சூசி தாருவும் கே. லலிதாவும் 1991-ல் வெளியான தங்கள் இந்தியப் பெண் எழுத்துத் தொகுப்பின் முன்னுரையை முத்துப்பழனி, நாகரத்னம்மா கதையோடுதான் தொடங்குகிறார்கள். அவர்கள் தேடிய காலத்தில்கூட அந்த நூலைப் படிக்காதவர்களே அதை ஆபாசம் என்று தள்ளும் நிலை இருந்திருக்கிறது. இவ்வகைப் பதிவுகளில் நான் பார்த்த நல்ல மாதிரி அந்த முன்னுரைதான். கவிஞரின் வரலாற்றோடு, அவரைப் பற்றி எழுதியவர்களின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்கிறது. யார் எதை வெட்டினார்கள், யார் என்ன பட்டம் கட்டினார்கள், யார் மீட்டார்கள் என்பதும் பதிவுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

ஆனால் அந்த முன்னுரையிலிருந்து கிளம்பிய நூற்றுக்கணக்கான சின்னக் குறிப்புகளைப் பார்த்தால் எனக்கு ஆயாசம்தான். 'பெண் காமத்தைத் துணிந்து பாடிய புரட்சிக் கவி', 'தடையை மீறிய காவியம்', 'காலத்துக்கு முந்திய பெண்ணியவாதி'. திட்டு பாராட்டாக மாறியிருக்கிறது, கேள்வி மாறவே இல்லை. வீரேசலிங்கம் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி காமத்தைப் பற்றி ஏன் எழுதினாய் என்பது. இவர்களும் அதையேதான் கேட்கிறார்கள், கைதட்டிக்கொண்டு. 'காலத்துக்கு முந்தியவர்' என்பது குறிப்பாக எரிச்சல். அவர் காலம் அவரைக் கொண்டாடியது, அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். சங்கடப்பட்டது அவருக்குப் பின்னால் வந்த காலம். திருப்பாவையைத் தெலுங்குக்குக் கொண்டுபோனவர் என்பது இந்தக் குறிப்புகளில் கடைசி வரியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. தமிழில் எழுதுகிறவர்கள்கூட அதைத் தாண்டிப் போவதுதான் எனக்கு ஆச்சரியம்.

நாகரத்னம்மா கதையும் இதேதான். தமிழ்நாட்டில் அவர் பெயரைச் சொன்னால் திருவையாறு என்பார்கள். தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைச் செலவழித்துக் கோயில் எழுப்பியவர். ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாதபோது பெண்களைச் சேர்த்துத் தனியாக நடத்தியவர். எல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் பிரதி ஒப்பிட்டு, விடுபட்டதை மீட்டு, எதிர்வாதத்தோடு பதிப்புரை எழுதிய பதிப்பாசிரியர் என்பது பக்திக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. ஏட்டுச்சுவடியோடு போராடிய ஆண்களுக்கு நாம் 'பதிப்பாசிரியர்' என்று தனித் தலைப்பே வைத்திருக்கிறோம், சரியாகத்தான் வைத்திருக்கிறோம். அந்தத் தலைப்பின் கீழ் இவரைத் தேடிப் பாருங்கள்.

என்னுடைய ஒரு பக்கக் குறிப்பை இப்போது மாற்றி எழுதியிருக்கிறேன். முத்துப்பழனி தன்னை எந்த வரிசையில் அறிமுகப்படுத்திக்கொண்டாரோ அந்த வரிசையிலேயே தொடங்குகிறது: பாட்டி, படிப்பு, கிடைத்த மரியாதை. அதன் பிறகு நூல்கள், திருப்பாவை உட்பட. 1887, 1910, 1911, 1947 எல்லாம் கீழே தனிப் பத்தியில், வெட்டியவர் பெயரோடும் மீட்டவர் பெயரோடும். 'தேவதாசி' என்ற சொல்லை எடுக்கவில்லை. நாகரத்னம்மா அதை மறைக்கவில்லை, தன் குலத்துப் பெண் எழுதியது என்பதையே பதிப்பிக்க ஒரு காரணமாகச் சொன்னவர் அவர். ஆனால் அது முதல் வாக்கியத்திலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. படிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் சப்பென்று இருக்கலாம். இருக்கட்டும்.

கடைசி வரியாக ஒன்று சேர்த்தேன். தடை நீங்கியபின் வாவிள்ள அந்த நூலை மறுபடி அச்சிட்டது 1952-ல். நாகரத்னம்மா இறந்ததும் அதே வருஷம்.